துணைக்குழுவோடு பல நாள் சாலை ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்கான பக்கம்?

மாரத்தான் அல்லது அதைவிட நீண்ட ஓட்டங்களை முடித்துவிட்டு, அடுத்ததாகப் பொதுச் சாலையில் நாள்தோறும் 40 முதல் 80 கிலோமீட்டர் வரை பல நாட்கள் ஓடத் திட்டமிடுபவர்களுக்கும், அவர்களுக்காக வண்டியோடு கிளம்பும் துணைக்குழுவுக்கும். பயிற்சி அட்டவணை இங்கே கிடையாது. கிளம்பிய பிறகு எது எப்படிக் கெடும், அதை யார் எப்போது சரி செய்வது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நாலாவது நாளுக்குப் பிறகு ஓடுபவரின் தலை சரியாக வேலை செய்யாது, அதனால் முடிவுகள் குழுவின் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்தே எழுதப்பட்டவை.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைப்பது?

தூரத்தை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 60 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாக மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 8 மணி நேரம் ஆகும். 4 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒன்றரை நிமிடம் நின்றால் 21 நிமிடம். சாப்பிட, காலைக் கவனிக்க 25 நிமிடம் வீதம் இரண்டு பெரிய இடைவேளை. மொத்தம் 9 மணி 10 நிமிடம் சொச்சம். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கினால் மதியம் ஒன்றேகாலுக்குள் முடிந்துவிடும். சாப்பிடவும், காலைப் பார்க்கவும், 8 மணி நேரம் தூங்கவும் இடம் கிடைக்கும். இதே கணக்கு 13 மணி நேரத்துக்கு நீண்டால் முதலில் அடிபடுவது தூக்கம். தூக்கம் போனால் மறுநாள் வேகம் குறையும், வேகம் குறைந்தால் முடிக்கும் நேரம் இன்னும் தள்ளிப்போகும். இந்தச் சுழலில் மாட்டினால், தூரத்தைக் குறைக்காமல் வெளியே வர முடியாது.

2016-ல் அமெரிக்க ஓட்டக்காரர் பீட் கோஸ்டெல்னிக் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை 42 நாள் 6 மணி 30 நிமிடத்தில் ஓடினார். சராசரி நாளுக்கு 115 கிலோமீட்டருக்கும் மேல். அதைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். 1928-ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்கு நடந்த ஓட்டப் போட்டியில் தொடங்கியவர்கள் 199 பேர், முடித்தவர்கள் 55 பேர். திட்டம் போடும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

முதல் மூன்று நாட்களுக்குச் சராசரியைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாக வையுங்கள். கால் புதிதாக இருக்கும், "இன்னும் பத்து போகலாமே" என்று தோன்றும். அந்தப் பத்துக்கான விலையை மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மிக மோசமான கட்டம் அதுதான். அதைத் தாண்டிவிட்டால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும்.

நடுவில் ஓய்வு நாள் வேண்டுமா?

முழு ஓய்வைவிடப் பாதி தூரம் போகும் நாள் நல்லது என்பது எங்கள் கருத்து. முழு நாள் படுத்தால் மறுநாள் காலையில் கால் மரக்கட்டையாக இருக்கும். ஆனால் குழுவுக்குத் துணி துவைக்க, சாமான் வாங்க, வண்டியைச் சரிபார்க்க அரை நாளாவது வேண்டும். வாரத்துக்கு ஒரு பாதி நாள் இருந்தால் இருவருக்கும் ஒத்துவரும்.

குழுவில் எத்தனை பேர்?

குறைந்தது இரண்டு பேர், வசதிப்பட்டால் மூன்று. ஒருவர் மட்டும் வந்தால் வண்டி ஓட்டுவது, வழி பார்ப்பது, சமைப்பது, கட்டுப்போடுவது என்று எல்லாமே அவர் தலையில்தான். மூன்றாவது நாள் ஓடுபவரைவிட அவர் களைத்துப்போயிருப்பார். இந்தப் பயணங்களில் ஆபத்து வெயிலில் மட்டும் இல்லை. தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுபவரும் பெரிய ஆபத்துதான். அதனால் வண்டி ஓட்டுபவருக்கு 7 மணி நேரத் தூக்கம் கட்டாயம். அதற்காக மற்றவர் வேலை கூடினாலும் பரவாயில்லை.

மூன்று பேர் என்றால் வேலையை இப்படிப் பிரிக்கலாம்: ஒருவர் வண்டியும் வழியும், ஒருவர் சாப்பாடும் காலும், ஒருவர் முன்னே போய்த் தங்குமிடம், சாமான், ஐஸ் ஏற்பாடு. தேவைப்படும்போது கடைசி ஆள் ஓடுபவரோடு சேர்ந்து ஓடியும் வருவார். காலைப் பார்ப்பவர் தினமும் மாறக்கூடாது. நேற்று அந்தக் கொப்புளம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்தான் இன்று அது மோசமாகிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

வண்டி பின்னாலேயே மெதுவாக வரலாமா?

கூடாது. ஓட்டத்தின் வேகத்தில் ஊர்ந்துவரும் வண்டியைப் பின்னால் வருபவர்கள் எதிர்பார்க்கமாட்டார்கள். ஒன்று அதன் மேலேயே மோதுவார்கள், அல்லது ஒதுங்கி முந்தும்போது ஓடுபவரை உரசிப் போவார்கள். அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்தில் நடக்கும் 217 கிலோமீட்டர் பேட்வாட்டர் ஓட்டத்திலும் இப்படிப் பின்தொடர அனுமதி இல்லை. வண்டி தாவித் தாவித்தான் போக வேண்டும். முன்னே போய் நின்று, ஓடுபவர் வந்து கடந்ததும் அடுத்த இடத்துக்குப் போவது.

இடைவெளி சாதாரண நாளில் 4 முதல் 5 கிலோமீட்டர். கடும் வெயிலில் 2 முதல் 3. குளிர்ந்த அதிகாலையில் 8 வரை விடலாம். சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு முழுதாக வெளியே, இரு பக்கமும் தூரம்வரை தெரியும் நேர்ச் சாலையில் நிறுத்துங்கள். வளைவிலும் மேட்டு உச்சிக்கு அப்பாலும் வேண்டாம். சாலையின் மறுபக்கம் நிற்க நேர்ந்தால் குழு ஆள் சாலையைக் கடந்து போக வேண்டும், ஓடுபவர் கடக்கக் கூடாது. களைத்த மனிதர் வண்டியைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வருவார்.

திருப்பம் வரும் இடத்தில் வண்டி திருப்பத்துக்கு அப்பால் நிற்கட்டும், ஆனால் ஒரு ஆள் அந்த முனையிலேயே நிற்க வேண்டும். "வரைபடம் அனுப்பியிருக்கிறேனே" என்பது போதாது.

இன்னொன்று பலருக்கும் பட்ட பிறகுதான் தெரியும். ஒரு நாளில் வண்டி 60 கிலோமீட்டர்தான் நகரும், அதுவும் பதினைந்து துண்டாக. எஞ்சினை அணைத்துவிட்டு ஐஸ் பெட்டி, சார்ஜர்கள், அவசர இண்டிகேட்டர் என்று எல்லாவற்றையும் ஓடவிட்டால் இரண்டாம் நாளே பேட்டரி இறங்கிவிடும். சாதனங்களுக்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், ஜம்பர் கேபிள் டிக்கியில் இருக்கட்டும், எரிபொருள் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுபவரும் வண்டியும் ஒருவரையொருவர் தவறவிட்டால்?

இது நடக்கும். ஓடுபவர் புதர் மறைவுக்குப் போயிருந்த நேரம் வண்டி கடந்துபோயிருக்கும். கிளம்புமுன்னே விதியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்பார்த்த நேரத்துக்கு மேல் 10 நிமிடம் ஆனால் ஒருவர் அங்கேயே நிற்க, இன்னொருவர் வண்டியில் வந்த வழியே திரும்பிப் பார்ப்பார். வழி தவறிவிட்டதாக ஓடுபவருக்குத் தோன்றினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், தேடி அலையக் கூடாது. அவரிடம் எப்போதும் கைபேசி, அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பணம், பெயரும் ரத்தப் பிரிவும் ஒவ்வாமையும் எழுதிய அட்டை இருக்கட்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன செய்ய வேண்டும்?

60 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டருக்கு ஒன்று என்றால் நடுவில் 14 நிறுத்தங்கள். ஒன்றுக்கு 5 நிமிடம் போனால் 70 நிமிடம், ஒன்றரை நிமிடமானால் 21 நிமிடம். வேகத்தைக் கூட்டி இந்த 49 நிமிடத்தை மீட்பதென்றால் உடம்பைக் கசக்க வேண்டும். நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தினால் சும்மா கிடைக்கும்.

ஓடுபவர் கிளம்பும்போதே "அடுத்த தடவை என்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்து நின்ற பிறகு கேட்டால் "தெரியவில்லை" என்பார், பிறகு டிக்கியைத் துழாவுவார். அடுத்த நிறுத்தத்தில் வண்டிக்கு 20 மீட்டர் முன்னாலேயே ஒருவர் நின்று காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு நிரப்பியதைக் கொடுக்கிறார். இன்னொருவர் பிரித்த உணவை உள்ளங்கையில் வைக்கிறார், ஈரத்துணியைக் கழுத்தில் போடுகிறார், பழைய உறைகளை வாங்கிக்கொள்கிறார். ஓடுபவர் நடந்துகொண்டே சாப்பிட்டுப் போகிறார். நாற்காலி பெரிய இடைவேளைக்கு மட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரித்துப் போட்டால் உட்காராமல் இருக்க முடியாது.

அளவும் நேரமும் ஒரு நோட்டில் ஏறட்டும்: எத்தனை மில்லி குடித்தார், என்ன சாப்பிட்டார், சிறுநீர் போனாரா, என்ன நிறம், எப்படிப் பேசுகிறார். மதியம் வாந்தி வந்தால் காரணம் அந்த நோட்டில்தான் இருக்கும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 60 கிலோமீட்டர் ஓடினால் 3,600. அன்றாட இயக்கத்துக்கு இன்னொரு 1,500 சேர்த்தால் 5,100. ஓடும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்றால் 240 கலோரி, ஒன்பது மணி நேரத்துக்கு 2,160. காலையில் 600, முடித்தவுடன் 500, இரவுச் சாப்பாடு 1,000, படுக்கும் முன் 500. கூட்டிப் பார்த்தால் 4,760தான். எப்படியும் கொஞ்சம் துண்டு விழும். நாள்தோறும் ஆயிரத்துக்கு மேல் துண்டு விழாமல் பார்ப்பதே குழுவின் வேலை.

மணிக்கு 60 கிராமுக்கு மேல் போக வேண்டுமென்றால் குளுக்கோஸ் மட்டும் போதாது. குடல் அதற்கு மேல் உறிஞ்சாது, வயிற்றில் தங்கிக் குமட்டும். ஃபிரக்டோஸ் (பழச் சர்க்கரை) கலந்ததாக இருந்தால் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் 90 கிராம் வரை போகலாம், ஆனால் பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் இனிப்பைப் பார்த்தாலே வெறுப்பு வரும், நாக்கும் ஈறும் புண்ணாகும். ஓட்டத்தில் சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல், பெட்டியோடு முழுசாகத் திரும்பி வரும். அப்போது கைகொடுப்பது உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, குழைந்த சோறு, சூப், வாழைப்பழம் மாதிரி மென்மையானவை. நாலைந்து சுவை கைவசம் இருக்கட்டும். முடித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்தும் 20 முதல் 30 கிராம் புரதமும் உள்ளே போக வேண்டும். குளிப்பது, போன் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

தண்ணீர், உப்பு?

தாகத்துக்குக் குடியுங்கள். மணிக்கு 400 முதல் 800 மில்லி பெரும்பாலானவர்களுக்குப் போதும். குழு அக்கறையில் செய்யும் பெரிய தவறு "குடி, குடி" என்று திணிப்பது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், உயிருக்கே ஆபத்து. மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை அடையாளங்கள். நீரிழப்பிலும் குமட்டல் வரும் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதனால்தான் எடை இயந்திரம். காலையில் கிளம்பும் முன்னும் முடித்த பின்னும் எடை பாருங்கள். 2 சதவீதம் வரை குறைந்திருப்பது இயல்பு. எடை கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். கூடவே குழப்பமும் இருந்தால் நேராக மருத்துவமனை.

ஒரு கிராம் சமையல் உப்பில் ஏறக்குறைய 390 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு லிட்டர் பானத்தில் தலை தட்டிய கால் டீஸ்பூன் உப்பு போட்டால் 500 முதல் 600 மில்லிகிராம் வரும். விலை உயர்ந்த பொடிகள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் உப்பு சேர்த்துவிட்டோம் என்பதற்காக அளவில்லாமல் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

பாதியைச் சமாளிப்பது அட்டவணைதான்: விடியுமுன் தொடங்குங்கள், உச்சி வெயிலுக்கு முன் பெரும்பகுதியை முடியுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும், அதனால் குளிர்ந்த இடத்திலிருந்து நேராக வெப்பத்துக்குள் போய்ப் பெரிய தூரம் ஓடாதீர்கள். பருத்தித் துண்டில் ஐஸைச் சுருட்டிக் கழுத்தில் கட்டுவது, தொப்பிக்குள் ஐஸ், முன்கையில் தண்ணீர் ஆகிய மூன்றும் பலன் தரும். தலையில் ஊற்றும்போது ஷூவுக்குள் வழியாமல் முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். நனைந்த சாக்ஸ் என்றால் அடுத்த பத்து கிலோமீட்டரில் கொப்புளம்.

பேச்சு தடுமாறுகிறது, நேராக நடக்கவில்லை, கோபமோ உளறலோ வருகிறது என்றால் அதை வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். வியர்வை வருவதால் இது வெப்பத் தாக்கு இல்லை என்று ஏமாறாதீர்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அங்கேயே குளிர்வியுங்கள். தொட்டி கிடைத்தால் கழுத்துவரை குளிர்ந்த நீரில். இல்லையென்றால் உடம்பு முழுக்க ஐஸ் தண்ணீர்த் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். குளிர்விப்பது முதலில், ஏற்றிக்கொண்டு போவது அப்புறம்.

கொப்புளத்தை உடைக்கலாமா?

முதலில் உடைக்கும் நிலைக்கு விடாதீர்கள். ஓரிடத்தில் சுடுகிற மாதிரி உணர்வு வந்ததும் அடுத்த நிறுத்தத்தில் ஷூவைக் கழற்ற வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று விட்டால் மறுநாள் நடை மாறும், நடை மாறினால் முழங்கால் பிடிக்கும்.

சின்னது, வலிக்காதது என்றால் மேலே டேப் மட்டும். மிதிக்கும் இடத்தில் உப்பி வலித்தால் வடிக்கலாம், பெரும்பாலும் மாலையில், இரவு முழுக்கக் காய நேரம் இருக்கும்போது. சோப்பால் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தடவி, புதிய மருத்துவ ஊசியால் கொப்புளத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு மூன்று துளை போடுங்கள். ஒரே துளை போட்டால் அரை மணியில் மூடிக்கொண்டு மறுபடி நிரம்பும். சுத்தமான துணியால் அழுத்தி வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விடுங்கள். அதை உரித்தால் கீழே உள்ள பச்சைத் தோல் தரையைத் தாங்காது. கிருமிநாசினி, ஒட்டாத பஞ்சுக் கட்டு, அதற்கு மேல் டேப்.

டேப் ஒட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முனைகளை வட்டமாக வெட்டுங்கள், சதுர முனை சாக்ஸில் சிக்கிச் சுருளும். ஒட்டும் இடத்தைச் சுற்றிப் பென்சாயின் டிஞ்சர் (டேப் நன்றாக ஒட்ட உதவும் மருந்துக் கரைசல்) தடவி, பசபசப்பு வரும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். புண்ணில் படக்கூடாது, துள்ளிவிடுவார். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திச் சூடாக்குங்கள். காலையில் பிய்க்கும்போது தோல் போகும் திசையில் மெதுவாக.

ரத்தம் கோத்த கொப்புளத்தை நீங்களாகத் திறக்காதீர்கள். சுற்றிலும் சிவந்து சூடாகிக் கோடு மேலே ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவர். சர்க்கரை நோய் உள்ளவர் எதையும் தானாக வடிக்கக் கூடாது.

கணுக்காலின் முன்பக்கம் வலிக்கிறது, விரல் வைத்தால் நறநறவென்கிறது. என்ன அது?

பாதத்தைத் தூக்கும் தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது. பல நாள் ஓட்டங்களின் அடையாள வலியே இதுதான், முதல் வாரத்திலேயே தலைகாட்டும். பாதம் வீங்க வீங்க, முதல் நாள் கட்டிய அதே இறுக்கத்தில் லேஸ் அந்த நாணை அழுத்துவது ஒரு காரணம். நீண்ட இறக்கங்கள் இன்னொன்று. வலிக்கும் இடத்துக்கு மேலுள்ள துளைகளில் லேஸைக் குறுக்கே விடாமல் பக்கவாட்டில் மட்டும் கோத்து விடுங்கள். குதிகாலுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் திண்டு வையுங்கள், இறக்கத்தில் நடக்கவிடுங்கள், மாலையில் 10 முதல் 15 நிமிடம் ஐஸ். தொடக்கத்திலேயே செய்தால் அடங்க வாய்ப்பு அதிகம். இரண்டு நாள் விட்டுவிட்டால் ஓட்டத்தையே நிறுத்தும்.

எந்தப் பக்கம் ஓடுவது?

எதிரே வரும் வண்டி முகத்துக்கு நேராகத் தெரியும்படி. இடப்பக்கம் வண்டி போகும் நாடுகளில் வலது ஓரம், வலப்பக்கம் போகும் நாடுகளில் இடது ஓரம். ஆனால் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ஓரப்பக்கக் கால் எப்போதும் பள்ளத்திலேயே மிதிப்பதால் இடுப்பின் பக்கவாட்டிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் பிடிக்கும். சமமான மண் ஓரமோ நடைபாதையோ கிடைக்கும்போதெல்லாம் அதற்கு மாறுங்கள். வெளிச்சம் குறைந்தால் ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, நெற்றி விளக்கு, முதுகில் சிவப்பு விளக்கு. குழுவில் சாலையில் இறங்குபவர்களுக்கும் அதே மேலங்கி.

ஷூ எத்தனை ஜோடி?

மூன்று ஜோடியாவது. ஒன்று வழக்கமான அளவு, ஒன்று அரை அளவு பெரிது, ஒன்று முழு அளவு பெரிது, எல்லாமே முன்பே பழகியவை. பாதம் வீங்கி நாள் போகப் போகப் பெரியதுக்குப் போவீர்கள். சாக்ஸ் நாளுக்கு மூன்று ஜோடி.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா? எப்போது நிறுத்த வேண்டும்?

இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் வேண்டாம். நீரிழப்போடும் தசைச் சிதைவோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், சோடியம் குறையும் அபாயமும் கூடும். பாரசிட்டமால் அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள். எதுவானாலும் நோட்டில் நேரத்தோடு எழுதியாக வேண்டும், இல்லையென்றால் இருவர் தனித்தனியே கொடுத்துவிடுவார்கள்.

ஓட ஓடக் குறைந்துகொண்டே போகும் தசை வலியோடு போகலாம். எலும்பில் விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தும் வலி, இரவில் படுத்தாலும் விடாத வலி, ஒற்றைக் காலில் குதிக்க முடியாத வலி என்றால் எலும்பில் கீறலாக இருக்கலாம், நிறுத்துங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் கட்டியா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ மருத்துவமனை. நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் கேள்வியே வேண்டாம்.

யார் "நிறுத்து" என்று சொல்வது என்பதைக் கிளம்புமுன் எழுதி, ஓடுபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒருவர் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. மாறாக, மேலே சொன்ன எதுவும் இல்லாமல் வெறும் சோர்வில் "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று ஓடுபவர் சொன்னால் ஏற்காதீர்கள். சாப்பிட வைத்து, தூங்க வைத்து, காலையில் ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு கேளுங்கள்.

வழியை எப்படித் தயார் செய்வது? விட்ட இடத்தை எப்படி நிரூபிப்பது?

வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழியை நம்பாதீர்கள். அதிவிரைவுச் சாலைகளில் நடப்பவர்களுக்கு அனுமதி இருக்காது, சுரங்கப்பாதையிலும் பழைய பாலத்திலும் ஒதுங்க ஓரமே இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் முழு வழியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அந்த இடங்களுக்கு மாற்று வழி குறியுங்கள். சிக்னல் இல்லாத பகுதிக்கு வரைபடத்தை முன்பே இறக்கி இரண்டு கைபேசிகளில் வையுங்கள், ஒரு காகிதப் பிரதியும்.

நாளை முடிக்கும் இடத்தில் மைல்கல்லையோ கம்பத்தையோ நேரம் தெரியப் படமெடுத்து, ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்து வையுங்கள். மறுநாள் அதற்குச் சில மீட்டர் பின்னாலிருந்து தொடங்குங்கள். கடிகாரப் பதிவை அன்றன்றே நகலெடுங்கள். கடிகாரம் நினைவகம் நிரம்பிப் பழைய நாளை அழித்த பிறகு அழுது பயனில்லை.

முடித்த மறுநாள் ஊர் திரும்பலாமா?

முடிந்தால் இரண்டு நாள் கழித்து. திரும்பும்போது ஓடியவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, அனிச்சைச் செயல்கள் மந்தமாக இருக்கும். பாதமும் கணுக்காலும் சில நாள் வீங்கியே இருக்கும், படுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். நீண்ட பயணத்தில் மணிக்கொரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். பசி இன்னும் ஒரு வாரத்துக்கு அடங்காது, அதனால் வண்டியில் மிஞ்சிய தின்பண்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.